மூன்று பிரதி

காமயகவுண்டன்பட்டித் திராட்சைக் கமிஷன் கடை ஒன்றின் தரவுப் பாதுகாப்பை உலகமே பார்த்துப் படிக்கலாம். பிரதி மூன்று வேண்டும், ஒன்றாவது இணைப்பில்லாமல் வெளியூரில் இருக்க வேண்டும் என்பார்கள் நிபுணர்கள். முதலாளி மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரோடு சேர்த்து வைத்தார். பேக்கப் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதே இல்லை. கூடி வாழ்ந்தால்தானே நன்மை? பாஸ்வேர்டு திரையோரம் ஒட்டியிருந்தது, மறதிக்கு மருந்தாக. 2022 நவம்பரில் ரான்சம்வேரால் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களே முடங்கி, நோயாளிகள் விவரம் காகிதத்துக்குத் திரும்பியது. செய்தி கேட்டதும் முதலாளி துரித நடவடிக்கையில் இறங்கினார்: மானிட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்.

ரான்சம்வேர் கடைக்கும் வந்தது. மூன்று பிரதியும் பூட்டிக்கொண்டன; பிட்காயின் கேட்டார்கள். முதலாளி அசரவில்லை. பூட்டியது வருமான வரிக்காரருக்குக் காட்டும் கணக்கு. அசல் கணக்கு கூடலூரில், மச்சினன் வீட்டு நெல் குதிருக்குள், இணைப்பே இல்லாமல், நிபுணர்கள் சொன்னபடியே.