உங்க மூன்றில் ஒரு பங்கு எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கமிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை சேர்த்துக் கட்டியிருக்கிறேன். எல்லாமே பணம் கேட்கிற கடிதங்கள். நல்லவேளை, என்னிடம் இல்லை, அரசாங்கத்திடம்.

எங்கள் தெருமுனையில் மாநகராட்சிக்குச் சொந்தமான மனை ஒன்று குப்பைமேடாகக் கிடக்கிறது. பூங்காவாக்க அரசுப் பணம் கிடைக்குமா? (பாடி வாசகர்)

கிடைக்கும். 'நமக்கு நாமே' திட்டம் இதற்குத்தான் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, மிச்சம் அரசுடையது. வேலை 15 லட்சம் என்றால் 5 லட்சத்தை நீங்கள் திரட்ட வேண்டும். தனி ஆள், சங்கம், கம்பெனி யார் வேண்டுமானாலும் போடலாம். அதிகமாகப் போட உச்சவரம்பு கிடையாது; அந்த விஷயத்தில் அரசு ரொம்பத் தாராளம். பாதிக்குக் குறையாமல் போட்டால், வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் விதியில் இடமுண்டு. முதலில் மண்டல அலுவலகத்தில் மனு. பிறகு பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்து மதிப்பீடு போடுவார். இடம் மாநகராட்சி பெயரில்தான் இருக்கிறது என்ற காகிதத்தை அவர் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு தூங்குவது பெரும்பாலும் அந்தக் காகிதம் இல்லாததால்தான்.

'நமக்கு நாமே' கலைஞர் திட்டமா, ஸ்டாலின் திட்டமா? (ஆவடி)

1997-98-இல் கலைஞர் ஆட்சியில் பிறந்தது. 2011-இல் ஜெயலலிதா ஆட்சி வந்ததும் 'தன்னிறைவுத் திட்டம்' ஆனது. 2015-இல் ஸ்டாலின் அந்தப் பழைய பெயரில் ஊர் ஊராகப் பயணம் போனார். 2021-இல் முதல்வரானதும் திட்டத்துக்கே அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். பெயர்தான் மாறி மாறி வந்தது. மக்கள் பங்கு போட வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை.

வரியும் கட்டி, பங்கும் கட்டுவதா? ஒரே சட்டைக்கு இரண்டு தடவை காசு கொடுப்பது மாதிரி இல்லையா? (அம்பத்தூர், குடியிருப்போர் சங்கப் பொருளாளர்)

பொருளாளர் கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில்: கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் சாலைக்கும் ஒரு பைசா போடாதீர்கள். திட்டத்தில் இடம் இருந்தாலும் போடாதீர்கள். அதற்குத்தான் சொத்து வரி. 2022-இல் ஏற்றியும் விட்டார்கள். குழி விழுந்த சாலைக்கு நீங்கள் பங்கு போட்டால், அடுத்த தெருக்காரர் போய்க் கேட்கும்போது "அவங்க போட்டாங்களே, நீங்க ஏன் போடல?" என்பார்கள். இலவசமாக வர வேண்டிய ஒன்றுக்கு நீங்களே விலை வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வரிப்பணத்தில் நம் ஆயுசில் வராத சில உண்டு. அரசுப் பள்ளிக்கு ஒரு நூலக அறை, விளையாட்டுத் திடலுக்கு வேலி, பூங்காவில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், பெரியவர்களுக்கு நிழலில் நாலு பெஞ்சு. பங்கைப் போட வேண்டியது இவற்றுக்கு. போட்ட பிறகு ஓர் ஆதாயமும் இருக்கிறது. ஒப்பந்ததாரர் சிமெண்டில் கை வைக்கும்போது, "இதில் என் ஐயாயிரம் இருக்கு சார்" என்று பக்கத்தில் நின்று சொல்லலாம். வரி கட்டுகிறவர் சொன்னால் சிரிப்பார்கள். பங்கு போட்டவர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு நூறு ரூபாய் திரட்டவே முடியாது. வசதியானவர்களுக்கு மட்டும்தான் பூங்காவா? (ஆவடி, வீட்டுவேலை செய்யும் ஓர் அம்மா)

அம்மா, திட்டத்தின் ஓட்டையை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். கையில் பணம் வைத்திருப்பவனுக்கு அரசு மேலும் பணம் தரும். இல்லாதவன் வேடிக்கை பார்ப்பான். கிராமப்புறத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று குறைத்திருக்கிறார்கள். அதுவும் திரட்ட வேண்டிய பணம்தான்.

உங்களுக்குப் பங்கு கேட்காத கதவுகள் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. சென்னை மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 2025-26 பட்ஜெட்டில் வார்டு நிதி 60 லட்சம் ஆக்கினார்கள். அம்பத்தூர் வார்டுகளும் அதில் அடக்கம். உங்கள் ஆவடி தனி மாநகராட்சி என்பதால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். இன்னொன்று, 'நமக்கு நாமே'யில் உங்கள் பங்கை ஒரு கம்பெனியும் கட்டலாம். ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். அம்பத்தூர் எஸ்டேட்டும் சுற்றியுள்ள ஆலைகளும் எதற்காக இருக்கின்றன? அவர்களுக்கு உங்கள் கவுன்சிலர் எழுதினால் வேகம். நீங்களே எழுதினாலும் தப்பில்லை.

கொரட்டூர் ஏரியை நாங்களே பணம் போட்டுத் தூர்வாரலாமா? (கொரட்டூர்)

ஏரி யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள். மாநகராட்சியுடையது அல்ல, நீர்வளத் துறையுடையது. முன்பு பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. அம்பத்தூர் ஏரிக்கும் அப்படித்தான். அந்தத் துறையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் மண்டல அலுவலகம் ஒரு கூடை மண்ணைத் தொடாது. தவறான கவுன்டரில் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாலும் டிக்கெட் கிடைக்காது.

அடுத்தது, தூர் எடுப்பதில் அவசரம் காட்டாதீர்கள். மழைநீர்க் கால்வாய் வழியாக வரும் சாக்கடையை நிறுத்தாமல் தூர் வாருவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது. கொரட்டூர் ஏரிப் பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இந்தக் கழிவுநீருக்காகத்தான். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வாய்க்கால் எங்கே சேருகிறது என்பது அலுவலக வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அளவையும் பாருங்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியை நடைபாதை, படகு என்று மாற்றி 2019-இல் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 28 கோடி. கொரட்டூர் ஏரி அதைவிடப் பல மடங்கு பெரியது. சங்கத்தில் சந்தா வசூல் செய்து முடிகிற கணக்கா இது? ஏரிக்குக் குரல் கொடுங்கள், பணத்தைத் தெருக் குளத்துக்கும் பள்ளிக் கிணற்றுக்கும் போடுங்கள்.

குடிமராமத்துத் திட்டத்தில் ஆயக்கட்டு விவசாயிகள் 10 சதவீதம் போட்டால் போதும் என்றார்களே. எங்கள் ஏரிக்கு ஆயக்கட்டுதாரர் யார்? (அயப்பாக்கம்)

அது 2017-இல் வந்த திட்டம், ஏரி பாய்கிற வயல்காரர்களுக்கு. அயப்பாக்கத்தில் வயல் இருந்த இடத்தில் இப்போது நீங்கள்தான் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறீர்கள். ஏரி இன்றும் தவறாமல் பாய்கிறது, டிசம்பரில், கார் பார்க்கிங்கில்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன், "அங்கே சுற்றுச்சூழல் யோசனை சொன்னாலே பணம் தருகிறார்கள்" என்கிறான். நிஜமா? (திருவேற்காடு)

பாதி நிஜம். 2020-இல் 5 கோடி சிங்கப்பூர் டாலரில் ஒரு சுற்றுச்சூழல் நிதியை அறிவித்தார்கள். ஆனால் யோசனைக்கு அல்ல, கணக்கோடு எழுதிய திட்டத்துக்குத்தான் பணம். பக்கத்திலேயே பாருங்கள்: கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் என்று மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே உள்ளாட்சிகளிடம் கொடுத்து, கிராம சபையில் உட்கார்ந்து முடிவு செய்யச் சொன்னார்கள். அங்கே மூன்றில் ஒரு பங்கை அரசு மக்களிடம் கொடுத்தது. இங்கே மக்கள் அரசிடம் கட்டுகிறோம்.

எங்கள் பள்ளியில் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டோம். இதற்குப் பரிசு உண்டா? (பூந்தமல்லி, ஆசிரியை)

உண்டு, டீச்சர். மஞ்சப்பை விருது. பள்ளி, கல்லூரி, வணிக வளாகம் என்று தனித்தனியாக 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம். ஆனால் தேர்வுக்கு வருகிறவர்கள் உங்கள் அறிக்கையைவிட, பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் பாட்டி எதில் கட்டித் தருகிறார் என்றுதான் பார்ப்பார்கள். முதலில் பாட்டிக்கு ஒரு கட்டுக் காகிதம் வாங்கிக் கொடுங்கள்.

என்ன மரம் நடலாம்? (திருமுல்லைவாயல்)

புங்கம், வேம்பு, பூவரசு. கோனோகார்பஸ் வேண்டாம், அரசே வேண்டாமென்று சொல்லிவிட்டது. கூண்டுக்கு வைக்கும் பணத்தில் பாதியைத் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு வையுங்கள்.

கல்வெட்டில் எங்கள் சங்கத்தின் பெயர் வருமா? (முகப்பேர்)

வரும். மேலிருந்து எட்டாவது வரியில்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பேசுவது? கவுன்சிலர் போனை எடுப்பதில்லை. (அம்பத்தூர்)

பகுதி சபையில். ஊராட்சிக்குக் கிராம சபை போல, நகரத்துக்கு இது. 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த சபையில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும். உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். கூடினால் போய், கோரிக்கையைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இல்லை என்றால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வார்டு எண்ணோடு போடுகிறேன்.