கைவிட்ட கணினியும் நெடுந்தீவுக் குதிரையும்

கேள்வி: விண்டோஸ் 10 இற்கு இனி அப்டேற் வராதாம். என்ர பழைய மடிக்கணினியைக் கடலில எறியிறதோ?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: பொறுங்கோ! வெள்ளைக்காரன் விட்டுப்போன குதிரைகள் உங்கள் ஊரில் இன்னும் ஓடுகின்றன; மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் கைவிட்ட கணினி ஓடாதா? ஓடும். ஆனால் குதிரை இணையத்தில் வங்கிக் கணக்குப் பார்ப்பதில்லை, நீங்கள் பார்ப்பீர்கள். ஓட்டை விழுந்தால் கலப்பத்துப் பார்க்க ஆளில்லாத வள்ளம் அந்தக் கணினி. பாதுகாப்பு அப்டேற்றுக்குப் பதிவு செய்தவர்களுக்கு அந்த நாளிலிருந்து ஓராண்டு தவணை உண்டு. அதைவிட லினக்ஸ் மின்ற் போடலாம்: இலவசம், பழைய கணினியிலும் அவ்வளவாகச் சுணங்காது, லிப்ரே ஒஃபிஸும் கூடவே வரும். முதலில் உங்கள் படங்களை வேறிடத்தில் பிரதி எடுங்கள். தீவில் சிக்னல் சதி செய்தால் யாழ்ப்பாணத்தில் மின்றைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வரலாம். குறிகாட்டுவானில் படகேறும்போது மட்டும் அது சேட்டுப் பையில் வேண்டாம். உப்புத்தண்ணிக்கு அன்ரிவைரஸ் இல்லை.