கதவைத் தட்டிப் பார்த்த காலம்

எண்பதுகளில் எங்கள் பக்கம் யாராவது கார் வாங்கக் கிளம்பினால், கையோடு ஒரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போவார்கள். திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் அப்பா டிங்கர் பட்டறை வைத்திருந்தார். அவரைக் கூட்டிப்போக அடிக்கடி ஆள் வரும். அப்பாவின் சோதனைகள் காதுக்கும் கைக்கும் உரியவை. கதவை ஓங்கிச் சாத்திச் சத்தம் கேட்பார். மட்கார்டை விரல் மடக்கித் தட்டுவார். பட்டி பூசிய இடம் மொத்தென்று ஒலிக்கும், நல்ல தகடு கணீரென்று சொல்லும். பானெட்டைத் தூக்கிக் கனம் பார்ப்பார். "தகடு கெட்டி. தைரியமா வாங்குங்க" என்று அவர் சொல்லிவிட்டால் பேரம் ஆரம்பமாகும். பாதுகாப்பைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

பெரும்பாலும் அது அம்பாசிடராக இருக்கும். முன்னால் ஒரே நீள சீட்டு, ஸ்டீரிங்கோடு ஒட்டிய கியர். கல்யாணத்துக்குப் போகும்போது முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடிகளில் குழந்தைகள். பெல்ட் என்ற ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை. "அம்பாசிடர் முட்டினா எதிர்ல வர்றவனுக்குத்தான் சேதம்" என்று டிரைவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஒற்றைச் சாலை, மாட்டு வண்டி, புளியமர வளைவு. அத்தனை பேரை ஏற்றிய வண்டி ஐம்பது, அறுபதைத் தாண்டுவதே அரிது. மெதுவாக முட்டியபோது பம்பர் நெளியவில்லை. நெளியாத பம்பரைப் பார்த்தவர்கள் உள்ளே இருக்கும் மனிதரும் பத்திரம் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் வேகமாக மோதிய வண்டிகளும் எங்கள் பட்டறைக்குத்தான் வந்தன. அவற்றைப் பிரிக்கும்போது அப்பா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "வெளியில அடி கம்மி, உள்ளதான் அடி ஜாஸ்தி." பானெட்டைத் தட்டி நிமிர்த்தச் சில நாட்கள் போதும். உள்ளே ஸ்டீரிங் ராடு டிரைவர் பக்கம் பின்வாங்கி வந்திருக்கும். இரும்பு டேஷ்போர்டில் முழங்கால் பட்ட பள்ளம் இருக்கும். அந்த வண்டியில் வந்தவர் என்ன ஆனார் என்பதை அந்தப் பள்ளமே சொல்லிவிடும். நெளியாத வண்டி, தான் வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை மனிதருக்குக் கொடுத்துவிடுகிறது. எந்தப் படிப்பும் இல்லாமல் அப்பா கண்டுகொண்டது இது.

ஐரோப்பாவில் பொறியாளர்கள் இதற்கான விடையை அதற்கு வெகு காலம் முன்பே கண்டிருந்தார்கள். மெர்சிடிஸில் பெலா பரேனி என்பவர், முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்க வேண்டும், நடுவில் மனிதர் இருக்கும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது என்ற வடிவத்துக்கு ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடித்தால் உள்ளங்கை எரியாது அல்லவா, அதே கணக்கு. 1959இல் வோல்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ திறந்துவிட்டது. நாமோ ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அச்சாக வைத்த அம்பாசிடரை 2014 வரை உற்பத்தி செய்தோம்.

பழைய இரும்பா, புதிய தகடா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009இல் நேரடியாகப் பதில் சொன்னது. 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபுவையும் எதிரெதிரே மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். பெல் ஏரின் உட்கூடு நொறுங்கியது. ஓட்டுநர் இடத்தில் இருந்த பொம்மை உயிருள்ள மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் காயம்தான் பட்டிருக்கும். "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் அந்தக் காணொளியைக் காட்டுகிறேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தகர டப்பா என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு வீடு அதுதான் நுழைந்தது, நடுத்தரக் குடும்பத்துக்கு முதல் காரைக் கொடுத்தது. அதோடு கேள்வியும் மாறியது. 'தகடு கெட்டியா?' போய், 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?' வந்தது. முப்பது ஆண்டுகள் அந்த ஒரே கேள்வியில் ஓடின. இதற்கிடையில் எங்கள் பட்டறை முன்னால் சாலை நான்கு வழியானது. அறுபதில் போனவர்கள் நூறில் பறந்தார்கள். வேகம் கூடியது, வண்டி லேசானது, காற்றுப்பை மட்டும் விலை உயர்ந்த மாடலுக்கே உரியதாக இருந்தது. அந்தப் பணத்துக்கு அலாய் வீலும் ஸ்பீக்கரும் போட்டுக்கொண்டவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்த வண்டி உயிரைக் காக்கும், எது காக்காது என்று அறிய அவர்கள் கையில் ஓர் அளவுகோலும் இருக்கவில்லை.

அந்த அளவுகோல் 2014 ஜனவரியில் வந்தது. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகிய ஐந்து கார்களின் காற்றுப்பை இல்லாத மாடல்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். அவை அனைத்தும் சட்டப்படி விற்கப்பட்ட வண்டிகள், ஏனென்றால் மோதல் சோதனை வேண்டும் என்ற சட்டமே அன்று இங்கு இல்லை. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், நட்சத்திரம் எதற்கு என்பது புரியும். 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் ஆனது. 2019 ஜூலையில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம், 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம். 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. 2014இல் பின்னொரு சோதனையில் பூஜ்ஜியம் வாங்கிய ஸ்விஃப்டின் குடும்பத்தைச் சேர்ந்த டிசையர், 2024இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே நிறுவனம், அதே நாட்டின் சாலை. வாங்குபவர் கேட்கத் தொடங்கியதும் பொறியாளருக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. அதனால்தான் ஷோரூமில் நட்சத்திரத்தைக் கேட்காமல் யாரும் வரக் கூடாது என்று சொல்கிறேன்.

அண்மையில் என் அக்கா மகன் முதல் கார் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போனபோது என்னையும் அழைத்தான். யாரும் கதவைத் தட்டவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, "மாமா, இது அஞ்சு ஸ்டார். கண்ண மூடிட்டு வாங்கலாம்ல?" என்றான்.

"கண்ணத் திறந்தே வாங்குடா" என்று சொல்லி, அவனை உட்காரவைத்து விளக்கினேன். முதலில், அந்த ஐந்து எந்த ஆண்டின் ஐந்து என்று பார். 2022இல் குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கியது. பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. அடுத்து, பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, வண்டியின் கூடு மோதலில் நிலையாக நின்றதா, நிலைகுலைந்ததா என்று சோதனை அறிக்கையில் ஒரு வரி இருக்கும். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். கூடு நிலைக்காத வண்டியில் ஆறு காற்றுப்பை வைத்தாலும் மனிதருக்கு இடம் மிஞ்சாது.

நட்சத்திரத்தின் எல்லையையும் சொன்னேன். முன்பக்கச் சோதனை ஏறக்குறைய நம் வண்டியின் எடையே உள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதற்குச் சமம். எதிரே வருவது லாரி என்றால் அந்தக் கணக்கு உதவாது. சோதனை வேகம் 64. நூறில் போனால் மோதலின் ஆற்றல் ஏறக்குறைய 2.4 மடங்கு. நான்கு வழிச் சாலையில் நூற்றுப் பத்தில் போகிறவர் எந்த நட்சத்திரத்தையும் துணைக்கு அழைக்க முடியாது.

அப்படியானால் எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது? என் கணக்கு இது. நம் பணத்துக்குள் வரும் வண்டிகளில் நான்குக்குக் கீழே உள்ளவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி இருக்கிறதா, எல்லா இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைலேஜும் சர்வீஸும், வயதான அம்மா ஏறி இறங்க வசதியும் அதற்குப் பிறகு. நான்கா ஐந்தா என்று ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஒரு பைக்கில் நான்கு பேராகப் போகும் குடும்பம், ஏபிஎஸ்ஸும் இரண்டு காற்றுப்பையும் உள்ள ஒரு பழைய காருக்கு மாறினால் அதுவும் பெரிய முன்னேற்றம். 2022இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள்.

இதற்கெல்லாம் மேலாக என்னை வருத்துவது ஒன்று உண்டு. அன்று வண்டியில் பெல்ட்டே இல்லை. இன்று இருக்கிறது, அதைச் சீட் கவருக்கு அடியில் புதைத்துவிடுகிறோம். அந்தக் கவர் பக்கவாட்டுக் காற்றுப்பையின் வழியையும் அடைத்துவிடும். பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை ஏமாற்ற ஒரு கொக்கியைச் சொருகிவிடுகிறோம். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளுக்கு உத்தரவிட்டது, அந்தக் கொக்கிகளின் 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அத்தனை பக்கங்களில் விற்றார்கள் என்றால் வாங்கியவர்கள் எத்தனை பேர்!

பழைய இரும்பு மோகமும் போகவில்லை. ஐந்து நட்சத்திர வண்டி வாங்கிய கையோடு முன்னால் கனமான பம்பர் கார்டு பொருத்துகிறார்கள். நசுங்க வேண்டிய இடத்தை நசுங்கவிடாமல் செய்து, காற்றுப்பையின் சென்சாரையும் குழப்பும் அந்த இரும்பு கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அப்பா பட்டறையில் நான் பார்த்த பள்ளத்தை, இப்போது காசு கொடுத்துத் திரும்ப வரவழைக்கிறோம்.

2022 செப்டம்பரில் பால்கர் அருகே சூர்யா நதிப் பாலத்தில் நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் இருந்தது ஐரோப்பாவில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய மாடல். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த அவரும் அவருடைய நண்பரும் பிழைக்கவில்லை. அந்த ஓராண்டில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பயணிகள். சோதனைப் பொம்மை எப்போதும் பெல்ட் போட்டிருக்கும். குழந்தைப் பொம்மை எப்போதும் குழந்தை இருக்கையில்தான் இருக்கும். அதை வைத்துத்தான் நட்சத்திரம் தருகிறார்கள். முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்பவருக்கு, கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் காற்றுப்பையே ஆபத்து.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பாரத் என்கேப் இன்று விருப்பப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே. விற்கும் ஒவ்வொரு காருக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். டாக்ஸியில் ஏறுகிறவர் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை, அவருடைய உயிருக்கும் அதே மதிப்பு உண்டு.

அக்கா மகன் கடைசியில் ஆன்ரோடு விலையைக் கூட்டிக்கொண்டிருந்தான். காப்பீடு, சாலை வரி, சீட் கவர், மேட் என்று வரிசையாக எழுதியிருந்தான். சீட் கவரை அடித்துவிட்டு அந்த இடத்தில் குழந்தை இருக்கை என்று எழுதச் சொன்னேன். "பின்சீட்டுலயா போடணும், மாமா?" என்றான். ஆமாம், பின்சீட்டில்தான். அதன் விலையும் வண்டியின் விலையில் சேர்ந்ததுதான்.