கையெழுத்து முன், கூட்டம் பின்: கிராம சபை நோட்டு பற்றிய ஓர் ஆய்வு

கிராம சபை என்றால் என்ன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் சேர்ந்ததே கிராம சபை. அரசியல் சட்டத்தின் 243ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதையே வழிமொழிகிறது. ஆனால் அந்தச் சபை எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். சிலர் ஆலமரத்தடி என்கிறார்கள், சிலர் பள்ளிக்கூட வளாகம் என்கிறார்கள். இக்கட்டுரையின் கருதுகோள் வேறு: ஊராட்சி செயலரின் கக்கத்தில் இருக்கும் நீள நோட்டு எங்கே போகிறதோ, அங்கெல்லாம் கிராம சபை போகிறது.

உள்ளாட்சி பற்றித் தமிழில் எழுதும் எவரும் உத்திரமேரூரைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி மாதிரி. கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து வாரிய உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதி: முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலி நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை. நம் ஆய்வுக்குப் பயன்படுவது பாடப்புத்தகம் தாண்டிப்போகும் ஒரு சிறு வரி: குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதே! மனிதக் கையை இவ்வளவு தெளிவாகச் சந்தேகித்த ஓர் ஆட்சிமுறை உலகில் அபூர்வம். (அது நிலமுள்ள, வேதம் படித்த ஆண்களின் சதுர்வேதிமங்கலச் சபை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று நோட்டில் ரேகை வைக்கும் ஆயாவை அந்த மண்டபத்தின் படியில்கூட ஏற விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே பெருமூச்சு விடுவோர் அளவாக விடவும்.)

இனி நிகழ்காலம். கிராம சபை செல்லுபடியாக வேண்டுமானால் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இந்த நான்கு வரிகளில் ஒரு கணித நூலே அடங்கியிருக்கிறது. மக்கள்தொகை சரியாக 3,000 உள்ள ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், மறுநாள் கிராம சபைக்கு நூறு பேர் கூடுதலாக வேண்டும். குழந்தை வரவும் முடியாது, வந்தாலும் பதினெட்டு வயது ஆகும்வரை கையெழுத்துப் போட முடியாது. ஒரு பிள்ளை பெற்றதற்கு ஊரே நூறு கை கடன்பட்டு நிற்கும். ஊராட்சி செயலர்களுக்கு ஆறுதலான செய்தி: கடைசியாக எண்ணிமுடித்த மக்கள்தொகை 2011ஆம் ஆண்டினது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேரானாலும் அந்தக் கணக்குப்படி இன்னும் பிறக்கவே இல்லை.

நூறு பேரை ஓரிடத்தில் உட்கார வைப்பது கடினம். நூறு கையெழுத்தை ஒரு நோட்டில் உட்கார வைப்பது சுலபம். இந்த எளிய உண்மையிலிருந்துதான் நோட்டின் பயணம் தொடங்குகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022இல் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு. கொடியேற்றும் நாளென்றால் மிட்டாய்த் தட்டுக்குப் பக்கத்திலேயே நோட்டும் இருக்கும். மிட்டாய் வாங்கிய கை சும்மா இருக்காது. பிறகு நோட்டு ரேஷன் கடை வாசலுக்குப் போகிறது, டீக்கடை பெஞ்சுக்குப் போகிறது. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைதான் அதற்கு அறுவடை நிலம். அங்கே ஒரே வரிசையில் அறுபது எழுபது பேர் கிடைப்பார்கள். ஆனால் அரசு விடுமுறை நாளில் வேலைத்தளம் இருக்காது. அதனால் நோட்டு முதல் நாளே போய்விடுகிறது. அன்றைக்கு ரேகை வைத்த ஆயாவுக்கும் செயலருக்கும் இடையே பெரும்பாலான ஊர்களில் இந்த உரையாடலே நடக்கும்:

“என்னா எழுதியிருக்குது தம்பி?”

“எல்லாம் நல்லதுதான் ஆயா. இங்க வையி.”

செயலர் பொய் சொல்லவில்லை. எதுவும் எழுதாத தாளில் கெட்டது எப்படி இருக்கும்?

இங்கேதான் ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். சாங்கியத் தத்துவத்தில் சற்காரியவாதம் என்று ஒரு கொள்கை உண்டு. காரியம் புதிதாகத் தோன்றுவதில்லை, காரணத்துக்குள் முன்பே மறைந்திருக்கிறது. எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் ஆட்டினால் வருகிறது என்பார்கள். இதை மறுத்த நியாய மரபினரான நையாயிகர்கள் பல நூற்றாண்டு வாதாடினார்கள். அவர்கள் ஒரு கிராம சபை நோட்டைப் புரட்டியிருந்தால் வாதம் ஒரு பொழுதில் முடிந்திருக்கும். கையெழுத்துகள் முதலில் வருகின்றன. அதன் பிறகு கூட்டம். அதற்கும் பிறகு, அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே, தீர்மானங்கள். நூறு கையெழுத்துக்குள் தீர்மானம் முழுசாக முன்பே இருந்தது. செயலர் அதை வெளியே எடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களும் அப்படியே வெளிப்படும். தான் வழிமொழிந்திருப்பதைப் பல மாதம் கழித்துத் தெரிந்துகொண்டு பெருமைப்பட்டவர்கள் உண்டு.

இந்த நோட்டுக்குத் தலைவர்கூட அவசியமில்லை. 2016இல் ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. நோட்டு இருந்தது. ஆட்சிமாற்றங்களைத் தாங்கும் நிறுவனங்களைப் பற்றி எழுதும் அரசியல் அறிவியலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டமே நடப்பதில்லை என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடக்கிறது. கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளர் வருவார். மேலிடத்திலிருந்து வந்த கூட்டப் பொருள்கள் வாசிக்கப்படும்: வரவு செலவு, குடிநீர், டெங்கு, நெகிழி. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளிலும் அன்றைக்கு ஏறத்தாழ இதே பட்டியல்தான் ஒலிக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அந்தப் பட்டியலில் நெகிழி பூசிய காகிதக் கோப்பையும் இருக்கிறது. தடையைக் கறாராக அமல்படுத்தத் தீர்மானம் போட்டு முடித்த கையோடு தேநீர் வரும். எதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

தெருவிளக்கு எரியவில்லை, மேல்நிலைத் தொட்டியைக் கழுவி வருஷமாகிறது, சாக்கடையில் அடைப்பு என்று ஊர்க்காரர்கள் எழுந்து பேசும் நேரம்தான் கூட்டத்தின் உயிர். அப்போது செயலர் தரும் பதில் தமிழ்நாடு முழுக்க ஒன்றே: “எழுதிக்கிறேன்ணே.” எங்கே எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தால், ஒரு துண்டுச் சீட்டில். நோட்டில் இல்லை. சீட்டு சட்டைப் பைக்குப் போகும், சட்டை சலவைக்குப் போகும். விஷயத்தின் வேர் இந்த இடம்தான். வாயால் கேட்டது புகார். நோட்டில் ஏறினால் மட்டுமே தீர்மானம். தீர்மானம் ஆகிவிட்டால் ஒன்றியம், ஆட்சியர் என்று மேலே போகும். ஆட்சியருக்கு ஊராட்சிகளின் ஆய்வாளர் என்று இன்னொரு பதவியே இருக்கிறது. நகல் கேட்கலாம், அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று தீர்மான எண்ணோடு கேட்கலாம்.

நோட்டில் ஏறிய எல்லாமே நடந்துவிடும் என்று நம்புவோருக்கு ஏகனாபுரத்தைக் காட்ட வேண்டும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராகக் காஞ்சிபுரம் மாவட்டத்து அந்த ஊர் 2022 ஆகஸ்ட் முதல் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டுவருகிறது. அங்கே கையெழுத்தைத் தேடி நோட்டு அலைவதில்லை. நோட்டைத் தேடி ஊர் வருகிறது. ஆனாலும் திட்டம் அதன் வழியில் நகர்கிறது. மறுபக்கம் ஒடிசாவின் நியம்கிரி. பாக்ஸைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலுமாகக் கூடிய பன்னிரண்டு ஊர்களும் வேண்டாம் என்றன. மத்திய அரசு அனுமதி மறுத்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நியம்கிரியில் வன உரிமைச் சட்டம் பின்னால் நின்றது, பற்றாளர் நாற்காலியில் மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த நோட்டில் பின்னால் எண்ணெய் ஆட்ட இடமில்லை.

நம் ஊர்களில் ‘கையெழுத்து முன், தீர்மானம் பின்’ என்ற தத்துவத்துக்கு எதிராகத் தோன்றிய ஒரே தொழில்நுட்பம் கோடு. அதைக் கையாள்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார். நோட்டை நீட்டினால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படிப்பார். வெற்றுத் தாளென்றால் திருப்பித் தந்துவிடுவார். எழுதிய தாளென்றால் கடைசிச் சொல்லுக்கு அடியில், இடைவெளி விடாமல், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கோடு போட்டு, கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதுவார். இனி அங்கே ஓர் எறும்புகூட நுழைய முடியாது. செயலர்கள் இதற்கு மாற்றாக வருகைப் பதிவுக்குத் தனி நோட்டு வைத்தார்கள். வாத்தியார் தன் பெயருக்குக் கீழே ‘தீர்மானங்கள் 1 முதல் 9 வரை வாசிக்கக் கேட்டேன்’ என்று எழுத ஆரம்பித்தார். பத்தாவது தீர்மானம் பிறக்க வழியில்லாமல் போயிற்று. கடைசியாகக் கிடைத்த தகவல்படி, நோட்டு இப்போது அவர் தெருப் பக்கம் போவதே இல்லை. அவரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. பதினொரு மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே சொந்த நாற்காலியோடு வந்து, பற்றாளர் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.