ஆட்டுப் புழுக்கைக்கும் ஓர் அல்காரிதம்

கேம் என்ஜின் கற்றுக்கொள்ளும் பாதிப் பேருக்கு முதல் காடு ஐஸ்லாந்தில்தான் முளைக்கிறது. ஆள் இருப்பது அம்பத்தூராக இருக்கலாம், அருப்புக்கோட்டையாக இருக்கலாம். திரையில் மட்டும் பாசி படர்ந்த கரும்பாறை, மேலே மூடுபனி, பின்னால் ஊசியிலை மரங்கள். இதற்குக் காரணம் ரசனை அல்ல, ஓசி. சுவீடனைச் சேர்ந்த குவிக்சல் என்ற நிறுவனம் பாறை, மண், இலை, மரப்பட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கேன் செய்து ‘மெகாஸ்கேன்ஸ்’ என்ற பெயரில் பெரிய களஞ்சியமே சேர்த்து வைத்திருந்தது. 2019இல் ஐஸ்லாந்தில் ஸ்கேன் செய்த பாறைகளை வைத்து ‘ரீபர்த்’ என்று ஒரு குறும்படம் செய்து காட்டினார்கள். எது நிஜம், எது கணினி என்று பார்த்தவர்கள் திணறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் எபிக் கேம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, தன்னுடைய கேம் என்ஜினான அன்ரியலில் வேலை செய்கிறவர்கள் அத்தனையையும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2024 முடியும்வரை இந்தச் சலுகை இருந்தது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையே விடாதவர்கள் பாசியை விடுவார்களா?

நம்மவரும் அப்படித்தான் தொடங்கினார். நம்மவர் என்றால், சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமம். பகலில் அடுத்தவர் வருமானம், இரவில் ஐஸ்லாந்துப் பாசி என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள் பாசி அலுத்துவிட்டது. சொந்த ஊர்த் தேரியையே கட்டினால் என்ன என்று தோன்றியது. தேரியில் இருப்பதே மூன்று சாமான்: செம்மணல், பனை, உடைமரம். பட்டியல் சின்னது என்றால் செலவும் சின்னதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டார். வருடக்கணக்கில் அடுத்தவர் பில்களைப் பார்த்தவருக்கு இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பது ஆச்சரியம்தான்.

முதலில் தரை. அன்ரியலில் ஓர் அலகு என்றால் ஒரு சென்டிமீட்டர். நிலத்தின் மேடுபள்ளம் ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமிக்கப்படுகிறது. கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு, இடையில் 65,536 படிகள். அமைப்பை மாற்றாமல் விட்டால் 256 மீட்டர் மேலேயும் 256 மீட்டர் கீழேயும் போகலாம். இப்படி ஓர் அதிகாரம் கையில் கிடைத்த எவரும் தேரிமேட்டோடு நிறுத்திக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. நம்மவரின் முதல் தேரி மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சவால் விட்டது. அதைத் தட்டித் தட்டி உட்கார வைத்தால் அடுத்த சிக்கல் வந்தது. உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 டிகிரிச் சரிவுக்கு மேல் நிற்காது, வழிந்துவிடும். என்ஜின் மணலோ 80 டிகிரியிலும் சுவர் எழுப்பி நிற்கும். புவியீர்ப்பு என்று ஒன்று இருப்பதை அந்த மணலிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்து மரம் நடுதல். செடிகொடிகளைத் தூவும் தூரிகையில் ‘சரிவுக்கு ஏற்ப நிறுத்து’ என்கிற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். புல்லுக்கும் கல்லுக்கும்தான் அது. மரம் வானத்தைப் பார்த்து வளருமே ஒழிய, தரையைக் கேட்டு வளராது. டிக் இருந்தபடியே இருக்க, மேட்டின் இந்தப் பக்கப் பனைகள் மேற்கேயும் அந்தப் பக்கப் பனைகள் கிழக்கேயும் சாய்ந்து நின்றன. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஆனால் நம்மவர் தேரியில் பனைகளே தள்ளாடின.

நிறம் கொடுக்கும்போதுதான் அவருக்கு உற்சாகம் பிறந்தது, ஏனென்றால் அங்கே ஓர் அட்டவணை இருந்தது. ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதைச் சுழியிலிருந்து ஒன்றுவரை எண்ணாகக் கொடுக்க வேண்டும். அன்ரியலின் கையேட்டில் அளந்து போட்டிருக்கிறார்கள்: கரி 0.02, வெறும் மண் 0.13, பச்சைப் புல் 0.21, பாலை மணல் 0.36, புதிதாக விழுந்த பனி 0.81. கண்ணைக் கூசவைக்கும் பனியே ஒன்றைத் தொடுவதில்லை. புல் கால்பங்குகூட இல்லை. மனசில் இருக்கும் பச்சையும் அளவில் இருக்கும் பச்சையும் வேறு வேறு என்று புரிய யாருக்கும் கொஞ்ச நாள் ஆகும். தேரி செக்கச் செவேல் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்த மணலின் குவார்ட்ஸ் துகள்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பதால் வந்த நிறம் அது. நம்பி நல்ல குங்குமச் சிவப்பாக ஊற்றினால், திரையில் தேரி எரிந்தது. படிப்படியாகக் குறைத்துக் காவியும் பழுப்பும் கலந்த ஒரு மந்தமான நிறத்துக்கு வந்து, மாலைச் சூரியனைப் போட்ட பிறகுதான் தேரி சிவந்தது. சிவப்பில் பாதி வெயிலின் உபயம்.

இந்தக் கட்டத்தில் மனிதர் கொஞ்சம் மாறித்தான் போனார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால் போய் நின்று இலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வெயில் பட்டால் இலை பச்சையாக இருக்காது, மஞ்சள் கலந்து உள்ளுக்குள் ஒளிரும். என்ஜினில் இலைக்கென்று தனி ஷேடிங் முறை இருப்பதே இதற்காகத்தான். பெண் வீட்டாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? “அவருக்கு என்னமோ மனக்கஷ்டம் போல” என்று பேசிக்கொண்டார்கள்.

மணலுக்கு வருவோம். சில மீட்டர் அகலமுள்ள ஒரு மணல் படத்தைத்தான் திரும்பத் திரும்ப ஒட்டி மொத்த நிலத்தையும் மூடுகிறார்கள். தரையில் நின்று பார்த்தால் தெரியாது. மேட்டில் ஏறிப் பார்த்தால் தேரி முழுவதும் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கும். இதை மறைக்க வேண்டுமானால் ஒழுங்கைக் கெடுக்க வேண்டும். அப்படி ஒழுங்கைக் கெடுப்பதைக் கணிதமாக ஆக்கியவர் கென் பெர்லின். 1982இல் வெளியான ‘டிரான்’ படத்தில் வேலை செய்தவர். கணினிப் படங்கள் எல்லாம் இப்படி இயந்திரத்தனமாக இருக்கின்றனவே என்று அலுத்துப்போய், 1983இல் ஒரு சூத்திரம் எழுதினார். அது தரும் எண்கள் முழுக்கக் கண்டபடி இருக்காது, முழுக்க ஒழுங்காகவும் இருக்காது. மேகம், பளிங்கு, கறை, மண்மேடு எல்லாம் அதிலிருந்து வந்தன. 1997இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. அதாவது, அழுக்குக்கு ஆஸ்கர். பின்னர் 2015இல் மரம் வளர்க்கும் மென்பொருளான ஸ்பீட்ட்ரீயை உருவாக்கியவர்களுக்கும் கொடுத்தார்கள். மரத்துக்கும் ஆஸ்கர். ஆட்டுப் புழுக்கைக்கு இதுவரை யாரும் கொடுக்கவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மரம் என்றால் கிளை பிரிதல். அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற ஹங்கேரிய உயிரியலாளர் 1968இல் செடிகள் வளரும் விதத்தைச் சின்னச் சின்ன எழுத்து விதிகளாக எழுதிக் காட்டினார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும் என்று விதியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் திரையில் மரம் நிற்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் பனைக்குக் கிளையே கிடையாதே! செய்துவைத்த மாதிரிகள் விற்கும் இணையக் கடையில் தேடினால் கலிபோர்னியா ஈச்சையும் கடற்கரைத் தென்னையும் வந்தன. நல்ல பனை கண்ணில் படவில்லை. தானே செய்வது என்று இறங்கினார்.

தண்டு எளிது. ஓலையில்தான் வினை. விசிறி மடிப்பு, நுனியில் பிளவு, மட்டையின் இரு ஓரத்திலும் அரம்போல் கறுத்த கருக்கு. இதைத் தட்டை அட்டையில் ஓலைப் படமாக ஒட்டி, ஓலை இல்லாத இடத்தை ஊடுருவித் தெரிய விடுவது பழைய வழி. ஆனால் ஒன்றுமில்லாத அந்த இடத்தையும் கிராபிக்ஸ் கார்டு கணக்குப் போட்டுத்தான் தள்ளும். அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், ஒன்றுமில்லாததையே பலமுறை கணக்குப் போடும். விளையாட்டு நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லி செகண்ட். மணல், வெயில், நிழல், காற்று, ஓலை எல்லாம் அதற்குள். இந்த வரவுசெலவு நம்மவருக்குச் சட்டென்று பிடிபட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பற்றாக்குறை பட்ஜெட் போட்டவரின் கஷ்டத்தை உணர்ந்தார்.

2022 ஏப்ரலில் வந்த அன்ரியல் 5இல் நானைட் என்ற ஏற்பாடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் நுணுக்கத்தை வரைந்து, மிச்சத்தை விட்டுவிடும். முதலில் அது பாறைக்குத்தான் சரிப்பட்டது. ஓட்டை விழுந்த இலைகளை அந்த ஆண்டின் இறுதியில் வந்த 5.1தான் ஏற்றுக்கொண்டது. அதன்பிறகும் அட்டையை விட, இலையை நிஜ வடிவமாகவே வெட்டிவைப்பதுதான் லாபம் என்று தெரிந்துகொண்டு, பிளவு பிளவாக ஓலை செதுக்கினார்.

இடையிடையே எதையாவது மாற்றினால் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் ஷேடர் நிரல்கள் ஆயிரக்கணக்கில் மறுபடி தயாராகும். அந்த நேரத்தில் டீ போடலாம். சில சமயம் இட்லிக்கு மாவே அரைத்துவிடலாம்.

மணலும் பட்டையும் ஊரிலிருந்தே வரட்டும் என்று ஸ்கேன் செய்யக் கிளம்பினார். முறை எளிது: ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்ததிலும் வருமாறு நிறைய எடுத்துத் தள்ளினால் மென்பொருள் முப்பரிமாணமாகக் கோத்துவிடும். ஒரே நிபந்தனை, வெயில் கூடாது. நிழல் படத்தோடு ஒட்டிக்கொண்டால் என்ஜினின் சூரியனும் ஒரு நிழலைப் போட்டு ஒரு பனைக்கு இரண்டு நிழலாகிவிடும். தூத்துக்குடி மாவட்டத்தில் வெயில் கூடாது என்றால் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து, ஒரு மூடாக்கு நாளில், வண்ண அட்டையைத் தரையில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்தார்.

“என்ன தம்பி, மண்ணையா போட்டோ புடிக்கிய?”

“ஆமா அண்ணாச்சி.”

“ராக்கெட்டுக்கு எடம் பாக்க வந்தியளோ?”

கேட்டதில் தப்பில்லை. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். குனிந்து மண்ணைப் பார்ப்பவர் யார்மீதும் அந்தப் பக்கம் இப்போது சந்தேகம் வரும்.

“இல்ல அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல தேரி செய்யறேன்.”

பெரியவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். “இங்க இம்புட்டு கெடக்கே, பத்தாதா?”

இருந்தாலும் அவர்தான் பெரிய உதவி செய்தார். உச்சி வெயிலில் ஆடுகள் உடைமரத்தடியில் ஒதுங்கும், அதனால் புழுக்கை அங்கேதான் கிடக்கும், வெட்டவெளியில் கிடக்காது. ஆடு எட்டும் உயரம்வரை தழை மிஞ்சாது. பனையடியில் காவோலை காற்று அடிக்கும் பக்கமாகத்தான் ஒதுங்கும். இதையெல்லாம் நம்மவர் சென்னைக்கு வந்து விதிகளாக எழுதினார். 2023இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, எது எங்கே விழ வேண்டும் என்பதை விதி போட்டுத் தூவும் வசதி அன்ரியலில் இருக்கிறது. மரத்தடியிலிருந்து இத்தனை தூரம், சரிவு இத்தனைக்குள், நிழல் விழும் பக்கம் அடர்த்தி அதிகம் என்று போட்டதும் லட்சக்கணக்கில் புழுக்கை இறங்கியது. அந்த நிமிடம் தேரி உயிர் பெற்றது என்றால் மிகையில்லை. அதுவரை அங்கே காவோலை என்பதே கிடையாது. மரத்துக்கு மரம் குருத்தோலையாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

காற்றும் வந்தது. முதலில் ஓலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின, அதுவும் தென்னையின் நளினத்தோடு. பனையோலை வளையாது, விறைத்து உதறும். ஒலிக் களஞ்சியத்தில் எடுத்துப் போட்டது ஏதோ கடற்கரை விடுதியின் தென்னஞ்சத்தம். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். இதைக் கேட்டால் தூங்கியே போகும். ஓலைச் சத்தத்தையும் ஊரில்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை உட்கார வைத்துக் காட்டினார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நம்ம தேரிதான். இது எந்த மாசம்லே?”

நம்மவர் விழித்தார்.

“பனம்பழம் விழுந்து கெடக்கு, அது ஆவணி. பாளையில கலயம் கட்டியிருக்கு, அது பங்குனி, சித்திர. தரையில புல்லு பச்சையா நிக்கி, அது ஐப்பசி மழைக்குப் பொறவு. எல்லாம் ஒரே நாள்ல எப்படிலே வரும்?”

என்ஜினில் மாதத்துக்கு டிக் கிடையாது. நீண்ட யோசனைக்குப் பிறகு ஆவணி என்று முடிவாயிற்று. கலயங்கள் இறங்கின. புல் மொத்தமும் போனது. அதில் பிரேமுக்கு இரண்டு மில்லி செகண்ட் மிச்சமாக, அந்தத் தொகையைப் பனம்பழத்தில் மொய்க்கும் ஈக்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்.