ரெயின்கோட் ரகசியம்

தண்ணீரைக் குறைத்து, ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கிவிட்டது! எப்படி என் சாமர்த்தியம்?
– வாசகர், ஈரோடு

ஒரு லிட்டர் தண்ணீரின் எடையும் ஒரு கிலோதான். தாகம் தீரக் குடித்துவிட்டு மறுபடி ஏறி நில்லுங்கள். போனவர் திரும்பி வந்திருப்பார். தராசை ஏமாற்றலாம், சிறுநீரகத்தை?

1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், போட்டிக்காக எடையை இறக்க, காற்றுப் புகாத உடைக்குள் வேர்த்து வேர்த்தே உயிரை விட்டார்கள். அதன் பிறகே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைக்குத் தடை வந்தது.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். தாகத்தோடு ஓடினால் கரைவது கொழுப்பல்ல. தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பதுதான் கொழுப்பு!