தூரியும் துட்டும்

கொடுமுடி வட்டாரத்து அப்பா, அம்மா, அம்முச்சி, மாமன்மார் கேட்ட கேள்விகளும் நம் பதில்களும்

கே: பாப்பாவுக்கு ரெண்டு மாசமுங்க. ராத்திரி பூரா கத்தறா. பக்கத்து ஊட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க. (ஒரு தகப்பன், கொடுமுடி)

ப: கொடுமுடியில் பிறந்த பிள்ளையின் தொண்டையைக் குறைத்து எடை போடாதீர்கள். இதே ஊர்க்காரரான கே.பி.சுந்தராம்பாள், 1935-ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்!

ராத்திரி எது, பகல் எது என்று பிடிபட உங்கள் மகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விசேஷத்தன்று ஒரு பங்கு பலகாரம் கூடுதலாக.

கே: எங்க எருமை நாளைக்கு ஆறு லிட்டர் கறக்குது. பேரனுக்கு மூணு மாசம். ஊட்டுல பால் இருக்க, மருமக பவுடர் டப்பா வாங்கறா. இது நியாயமுங்களா? (ஒரு அப்பத்தா, ஊஞ்சலூர்)

ப: நியாயமில்லைதான். ஆனால் உங்கள் எருமையும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் டப்பா. மாட்டுப்பால், எருமைப்பாலில் பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்து கிடையாது, சிறுநீரகத்துக்கும் சுமை. ஒரு வயது தாண்டட்டும். தேனையும் அதுவரை நாக்கில் தடவ வேண்டாம்.

பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அந்த வேலையை நம் வீட்டுக்கு வருகிற அத்தைமார்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். நீங்கள் ஆறு லிட்டரையும் சொசைட்டிக்கு ஊற்றி, அந்தக் காசில் மருமகளுக்கு முட்டையும் கீரையும் வாங்கிப் போடுங்கள். பேரனுக்கு அது பாலாகவே போய்ச் சேரும்.

கே: மாமியார் பழைய வேட்டித் துணிதான் கட்டணும்கறாங்க. எனக்கு பேம்பர்ஸ். யார் சொல்றது சரி? (சிவகிரி)

ப: துவைப்பது யார் என்று முதலில் சொல்லுங்கள். மாமியார் துவைத்தால் மாமியார் சொல்வது சரி. நீங்கள் துவைத்தால் நீங்கள். கணவர் துவைக்கிறார் என்றால் ஊர் கூட்டிச் சொல்ல வேண்டிய சேதி, எங்களுக்கும் எழுதுங்கள்.

கணக்கு இது: ஒன்று 10 ரூபாய் என்றாலும் நாளைக்கு ஆறு, மாதம் 1,800 ரூபாய். ராத்திரிக்கு மட்டும் ஒன்று என்றால் 300. மிச்சம் 1,500. பகலில் வேட்டித் துணி, ராத்திரியில் பேம்பர்ஸ்.

கே: தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலயே போட்டா போதுமா? தனியார்ல 'வலியில்லா ஊசி' போடறாங்களாமே? (பாசூர்)

ப: போதும். பிறந்ததும் பிசிஜி, போலியோ, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. எல்லாம் புதன்கிழமைகளில், காசில்லாமல். 'வலியில்லா' ஊசியில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. பாதுகாப்பு கூடுதல் என்பது உண்மையல்ல. பிள்ளைக்கு வலி இல்லாமல் போகலாம், பர்ஸுக்கு இருக்கும்.

கே: தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். மூணு பவுன் எதிர்பார்க்கறாங்க. தேங்காய்ப் பருப்பு வியாபாரமுங்க, கையில ரொக்கம் நிக்காது. இருக்கிற நகையை பேங்க்ல வெச்சு செய்யலாமுங்களா? (சாலைப்புதூர்)

ப: காது குத்துவது பிள்ளைக்கு, வலி மாமனுக்கு. நம் பக்கத்தில் அப்படித்தான். ஆனாலும் யோசியுங்கள்: இருக்கிற நகையை அடகு வைத்து இல்லாத நகை வாங்கப் போகிறீர்கள். ஒன்றுக்கு வட்டி, இன்னொன்றுக்குச் செய்கூலி, சேதாரம், அதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரப்பதம் பார்த்து, முதல் தரம் இரண்டாம் தரம் பிரித்து, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க அத்தனை யோசிக்கிறவர், நகைக்கடையில் ஏசி காற்று பட்டதும் மட்டும் ஏன் மௌனமாகிவிடுகிறீர்கள்? பிள்ளை வளையல் ஒரு வருடத்தில் பத்தாமல் போகும். மாற்றப் போனால் கூலியும் சேதாரமும் போனது போனதுதான்.

காதுக்குத் தோடு, தங்கத்திலேயே இருக்கட்டும்; அது சடங்கு. காலுக்கு வெள்ளிக் கொலுசு. மிச்சத்துக்கு, உங்கள் மச்சானைத் தபால் ஆபீசில் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். கட்டுவது 15 வருடம், முதிர்வது கணக்கு தொடங்கிய 21-ம் வருடம். படிப்புக்கு 18 வயதில் பாதி வரை எடுக்கலாம். வட்டி 8.2 சதவீதம், அரசு அவ்வப்போது மாற்றும். இதே வட்டி நின்றால், மாதம் ஆயிரம் கட்டி வந்தாலே முடிவில் ஐந்தரை லட்சம் அளவில் நிற்கும்.

முதல் தவணையை நீங்கள் கட்டி, அந்தப் பாஸ்புத்தகத்தைத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்துக்கு நடுவே மஞ்சள் தடவி வையுங்கள். நாலு பெரிசுகள் முணுமுணுக்கும். சாப்பாடு நன்றாக இருந்தால் மறந்துவிடுவார்கள்.

கே: காதுகுத்துல எண்பதாயிரம் மொய் வந்துதுங்க. தெரிஞ்சவர் மாசம் பத்து வட்டி தர்றேங்கறார். (தாமரைப்பாளையம்)

ப: முதல் விஷயம், அது உங்கள் பணமில்லை. மொய் நோட்டில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருநாள் பந்தல் போடுவார்கள். இரண்டாவது, மாதம் பத்து என்றால் வருடத்துக்கு நூற்றிருபது. அப்படி நேர்மையாகச் சம்பாதிக்கும் தொழில் இருந்தால் அவர் உங்களிடம் ஏன் வருகிறார்? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டியவர்களைக் கேளுங்கள். பணம் வாங்கியவர்கள் காணாமல் போய், பட்டினி கிடந்த கோழிகளுக்கு அரசு தீனி போட வேண்டி வந்தது. கட்டியவர்களுக்குத் தீனி போட ஆளில்லை.

ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகை பேங்க் டெபாசிட்டில் இருக்கட்டும். பிறகு பிள்ளை பெயரில் அல்ல, உங்கள் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ். வீட்டில் சம்பாதிப்பது நீங்கள்தானே, தொட்டிலில் கிடப்பவரா?

கே: மூணு மாசக் குழந்தையை ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில முழுக வைக்கலாமா?

ப: வேண்டாம். தலையில் இரண்டு சொட்டுத் தெளித்தால் போதும். பழநிக்குக் காவடி எடுப்பவர்களே இங்கிருந்து தீர்த்தத்தைக் கலசத்தில்தான் கொண்டு போகிறார்கள், ஆற்றையே தூக்கிப் போவதில்லை.

கே: பேறுகால உதவித்தொகை எனக்கு வருமா? (முதல் பிரசவம், கொடுமுடி)

ப: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 18,000 ரூபாய். இதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும், மீதி தவணைகளாக உங்கள் வங்கிக் கணக்கிலும் வரும். கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏடிஎம் கார்டு உங்கள் கையில்.

கே: பையனுக்குப் பேர் வெக்க எண் கணிதக்காரர் ஐயாயிரம் கேக்கறார். ஒரு எழுத்து கூட்டினா யோகமாம். (கருமாண்டாம்பாளையம்)

ப: பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள், கட்டணமில்லை. பெயரை ஒரு வருடம் வரை காசில்லாமல் சேர்க்கலாம்; நிதானமாக யோசியுங்கள். கூட்டிய எழுத்தின் யோகம் எங்கும் போகாது. ஆதாரில் இரண்டு 'ஏ', பள்ளிச் சான்றிதழில் ஒரு 'ஏ' என்று வரும் நாளில், இ-சேவை மைய வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு அதை முழுசாக அனுபவிக்கலாம்.